அரிசியை நிறுத்தி 6 வாரம் ஆச்சு, புரதம் மட்டும் ஏற மாட்டேங்குது. கணக்கு எங்கே இடிக்குது?

பனசங்கரி44

வணக்கம். பெங்களூரு, பனசங்கரி. வயசு 44, உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ. எச்பிஏ1சி (மூணு மாசச் சர்க்கரைச் சராசரி) 6.3, வெறும் வயிற்றுச் சர்க்கரை 114, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கிற ஒரு வகைக் கொழுப்பு) 210. மாத்திரை எதுவும் இல்லை. கிட்னி, லிவர், தைராய்டு டெஸ்ட் எல்லாம் நார்மல். வீட்டில் சைவம், முட்டை மட்டும் உண்டு.

இப்போ சாப்பிடறது: காலையில் 50 கிராம் ஓட்ஸ், 200 மி.லி. பால். மதியம் 80 கிராம் மாவில் ஒரு ராகி களி, ரெண்டு கரண்டி சாம்பார், பொரியல். சாயங்காலம் கிரீன் டீ, வெள்ளரிக்காய், நாலு மேரி பிஸ்கட். ராத்திரி ரெண்டு சப்பாத்தி, காய்கறிக் குருமா, ஒரு கிண்ணம் தயிர். சமையல் எண்ணெய் எனக்கு ஒரு நாளைக்கு மூணு டீஸ்பூன்தான். சர்க்கரை சுத்தமா இல்லை.

6 வாரத்தில் 3 கிலோ குறைஞ்சிருக்கு. ஆனா 4 மணிக்கு அகோரப் பசி. ஜிம்மில் தூக்கிட்டிருந்த எடையை இப்போ தூக்க முடியலை. சனி, ஞாயிறு வந்தா கட்டுப்பாடு உடைஞ்சு போகுது. சாப்பாட்டுக் கணக்கு போடற ஃபோன் ஆப்பில் புரதம் 25%, கார்ப் (மாவுச்சத்து) 30%, கொழுப்பு 45%னு இலக்கு போட்டிருக்கேன். நிகர கார்ப் (நார்ச்சத்தைக் கழிச்சது) 95 கிராம்னு காட்டுது, ஆனா புரதம் 45-ஐத் தாண்டினதே இல்லை.

கேள்வி மூணு. இந்த சதவீதம் சரியா? கார்ப் ஏறாம புரதத்தை எப்படி ஏத்தறது? டிரைகிளிசரைடு 210 இருக்கிறவன் கொழுப்பை 45% வரைக்கும் கொண்டு போகலாமா?

தராசு

சார், முதலில் நீங்கள் எழுதியதையே கூட்டிப் பார்க்கலாம். ஆப்பை ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஓட்ஸும் பாலும்: கார்ப் 43, புரதம் 12. களி: கார்ப் 54, புரதம் 6. ரெண்டு கரண்டி சாம்பாரில் 25 கிராம் பருப்பு இருந்தால் அதிகம், அதில் கார்ப் 14, புரதம் 5 அல்லது 6. நாலு பிஸ்கட்: கார்ப் 17, புரதம் 2. தலா 30 கிராம் மாவில் ரெண்டு சப்பாத்தி: கார்ப் 39, புரதம் 6. பொரியல், குருமா, தயிர் எல்லாம் சேர்த்து கார்ப் 23, புரதம் 9. மொத்தம் கார்ப் 190, புரதம் 41. கொழுப்பு 31 கிராம் அளவுக்கு வரும். கலோரியாக்கினால் 760 + 164 + 279, அதாவது ஏறக்குறைய 1,200.

இப்போது சதவீதத்தைப் பாருங்கள். கார்ப் 63%. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியர்கள் சராசரியாக உண்பதே 62% கார்ப்தான். அரிசியை விட்ட பிறகும் நீங்கள் ஊர்ச் சராசரியில்தான் நிற்கிறீர்கள், அளவு மட்டும் பாதியாகிவிட்டது. 82 கிலோ ஆளுக்கு 1,200 கலோரியும் 41 கிராம் புரதமும் என்றால் 4 மணிப் பசி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜிம்மில் எடை இறங்குவதற்கும் இதுவே காரணம். போன 3 கிலோவில் தசையும் சேர்ந்து போயிருக்கலாம்.

ஆப் 95 என்று காட்டுவதற்கு இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, களியை 'ஒரு பரிமாறல் 100 கிராம்' என்று எடுத்துக்கொள்கிறது. 80 கிராம் மாவில் கிண்டிய களி தண்ணீரோடு 200 கிராமைத் தாண்டும். அதனால் மாவைத்தான் நிறுக்க வேண்டும், உருண்டையை அல்ல. இரண்டாவது, நார்ச்சத்தை இருமுறை கழிக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணையில் கார்ப் எண்ணே நார்ச்சத்து நீக்கிய எண். ராகிக்கு அதில் கார்ப் 66.8, நார் 11.2 என்று தனித்தனியாக இருக்கும். அந்த 66.8-லிருந்து மறுபடி 11.2-ஐக் கழித்தால் 55.6 என்று தப்பான எண் வரும். அமெரிக்க அட்டவணையில் மட்டும்தான் கழிக்க வேண்டும். பாக்கெட்டில் 'டோட்டல்' என்று போட்டு அதற்கடியில் நார்ச்சத்தைத் தனியாகக் காட்டியிருந்தால் அங்கேயும் கழிக்கலாம்.

சதவீதத்தை இலக்காக வைக்காதீர்கள். சாப்பாடு குறைந்தால் சதவீதம் அழகாக இருக்கும், கிராம் விழுந்துவிடும். கிராமில் வையுங்கள், இந்த வரிசையில்.

முதலில் புரதம். இலக்கு எடைக்கு, கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம். உங்கள் உயரத்துக்கு 70 கிலோ என்று வைத்தால் 84 முதல் 112. நடுவில் 95. ஐசிஎம்ஆர் சொல்லும் 0.83 என்பது ஆரோக்கியமான ஒருவருக்குக் குறை வராமல் இருக்கத் தேவையான அளவு. எடை குறைக்கும்போது தசையைக் காக்க அது பத்தாது.

அடுத்து கார்ப். ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே போனாலே குறை கார்ப் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். 20, 50 கிராம் என்பது கீட்டோ. சைவ வீட்டில் பருப்பை விடாமல் அங்கே போக முடியாது, உங்கள் ரிப்போர்ட்டுக்கு அது தேவையும் இல்லை. 120 வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் கொழுப்பு. நீங்கள் எடை மாறாமல் இருக்க 2,050 கலோரி அளவு வேண்டும். 450 குறைத்தால் 1,600. புரதத்துக்கு 95 × 4 = 380, கார்ப்புக்கு 120 × 4 = 480. மீதி 740, அதை 9-ஆல் வகுத்தால் 82 கிராம் கொழுப்பு. சதவீதமாகப் பார்த்தால் 24 : 30 : 46. உங்கள் ஆப் இலக்குக்குக் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் இப்போது ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். கொழுப்பு ஒன்றுதான் ஏற்றி இறக்க வேண்டியது. எடை குறையாமல் நின்றால் அதில் 10 கிராம் குறைக்கலாம், பசி தாங்கவில்லை என்றால் 10 ஏற்றலாம். புரதத்தில் கை வைக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வி. ரத்தத்தில் ஏறும் டிரைகிளிசரைடில் ஒரு பங்கு கல்லீரல் மிச்சமான மாவுச்சத்தையும் சர்க்கரையையும் வைத்துத் தானே செய்வது. கார்ப் இறங்கினால் பொதுவாக முதலில் இறங்குவதும் அதுதான். கவனிக்க வேண்டியது எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு. 82 கிராமையும் நெய், வெண்ணெய், தேங்காயில் நிரப்பினால் சிலருக்கு எல்டிஎல் நன்றாகவே ஏறும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், வேர்க்கடலை, பாதாம், முட்டை இவற்றில் முக்கால் பங்கு வரட்டும். நெய் ஒரு டீஸ்பூன், தேங்காய் 20 கிராம் என்றால் பயமில்லை.

இவ்வளவு இறக்க மனம் வரவில்லை என்றால் இன்னொரு படியும் இருக்கிறது. ஐசிஎம்ஆர்–இந்தியாப் (நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு) தரவை வைத்து 2022-ல் வெளியான கணக்கில், சர்க்கரை நோயின் வாசலில் இருப்பவர்கள் நார்மலுக்குத் திரும்ப கார்ப் 50–56%, புரதம் 18–20%, கொழுப்பு 21–27% என்று வந்தது. 1,600 கலோரியில் அதுகூட 72 முதல் 80 கிராம் புரதம். எந்த வழியில் போனாலும் உங்கள் 41 இரட்டிப்பாக வேண்டும்.

அல்சூர் அடுப்படி

தராசு சார் கணக்கைச் சரியாப் போட்டுட்டார். அடுப்படிப் பக்கத்தை நான் சொல்றேன் தம்பி.

நம்ம சமையலில் புரதம் தனியா வராது, கார்பைக் கையோட பிடிச்சுக்கிட்டுதான் வரும். 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் 22, கார்ப் 55. அசைவக்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் புரதம் 22, கார்ப் பூஜ்யம். அதனால சைவத்தில் 120 கிராம் கார்பையும் ரேஷன் மாதிரி பார்த்துச் செலவழிக்கணும். அதைக் களிக்கும் சப்பாத்திக்கும் கொடுத்துட்டா பருப்புக்கு மிச்சம் இருக்காது. ராகியில் கால்சியம் நிறைய, நல்ல தானியம்தான். ஆனா 80 கிராம் மாவுக்கு 54 கார்ப் கொடுத்து 6 கிராம் புரதம் வாங்கறீங்க. அதே 54-ஐப் பாசிப்பயறில் போட்டா 26 கிராம் புரதம் வரும். ரெண்டு சப்பாத்தி கார்ப்பில் 140 கிராம் சோத்துக்குச் சமம், அரிசியை விட்டு கோதுமைக்குப் போறதில் லாபம் ரொம்பக் கொஞ்சம்.

ஒரு நாளைக்கு இப்படிப் பண்ணிப் பாருங்க. காலையில் மூணு முட்டை ஆம்லெட், வெங்காயம், தக்காளி, ஒரு டீஸ்பூன் எண்ணெய், கூட 100 மி.லி. பால் விட்ட ஃபில்டர் காபி, சர்க்கரை இல்லாம. மதியம் வடிச்ச சாதம் 100 கிராம், 40 கிராம் துவரம்பருப்பை வேகவச்சுக் கெட்டியாக் கடைஞ்சது, 200 கிராம் காய், 20 கிராம் தேங்காய், ரெண்டு டீஸ்பூன் எண்ணெய், 150 கிராம் தயிர். 4 மணிக்கு 30 கிராம் வேர்க்கடலை, இன்னொரு காபி. ராத்திரி 100 கிராம் பனீர், 30 கிராம் சோயா உருண்டை, 200 கிராம் காய், ஒரு டீஸ்பூன் எண்ணெய். கூட்டினா புரதம் 90, கார்ப் 110, கொழுப்பு 91, மொத்தம் 1,620 கலோரி. கொழுப்பு கொஞ்சம் மேலே நிக்குது, அது கடைப் பனீரால. அதுக்கு வழி கீழே சொல்றேன்.

சாம்பார்தான் நம்மளை ஏமாத்தறது. நாலு பேருக்கு 100 கிராம் பருப்பு போட்டு வைக்கிற சாம்பாரில் ஒருத்தருக்கு 25 கிராம் பருப்புதான், அதுவும் அடியில் தங்கிடும். மேலாக மொண்டு ஊத்திக்கிட்டா 3 கிராம் புரதம்கூட வராது. அதனால உங்க பங்குப் பருப்பை 40 கிராம் தனியா ஒரு டப்பாவில் குக்கருக்குள்ளேயே வச்சு எடுங்க. வெந்ததும் 120 கிராம் கிட்ட வரும். அதைக் கூட்டாவோ, கீரை மசியலோட சேர்த்தோ சாப்பிடுங்க. பச்சைப் பருப்பை நிறுங்க, வெந்ததை நிறுத்துட்டு ஆப்பில் பச்சைப் பருப்புன்னு போட்டா புரதம் மூணு மடங்கா காட்டும்.

சோயா உருண்டை பிடிக்கலைன்னு சொல்றவங்க பெரும்பாலும் அதைச் சரியாப் பிழியறதில்லை. 30 கிராமைக் கொதிக்கற உப்புத் தண்ணியில் 10 நிமிஷம் போடுங்க. வடிச்சு, பச்சைத் தண்ணியில் அலசி, கையால அழுத்திப் பிழியுங்க. வர்ற தண்ணி மஞ்சளா நுரைச்சு இருக்கும், அந்த வாடைதான் பிடிக்காம போறது. தண்ணி தெளியற வரைக்கும் ரெண்டு மூணு தரம் அலசிப் பிழிங்க. அப்புறம் கத்தியால ரெண்டா வெட்டி, மிளகு, சோம்பு, பூண்டு போட்ட மசாலாவில் பிரட்டி 15 நிமிஷம் வச்சுட்டு வதக்குங்க. பிழியாம போட்டா உள்ளே தண்ணி நின்னு மசாலா ஏறாது. உலர்ந்த எடையில் பாதிக்கு மேல புரதம், 30 கிராமுக்கு 15. இதைவிட மலிவான புரதம் கடையில் கிடையாது. தைராய்டு மாத்திரை போடறவங்க மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடணும், இல்லேன்னா மருந்து உடம்பில் சரியா சேராது.

பனீருக்கு வர்றேன். கடைப் பனீர் 100 கிராமில் புரதம் 18, கொழுப்பு 22 கிட்ட. வீட்டில் டபுள் டோன்டு பாலில் பண்ணுங்க. நந்தினி நீலப் பாக்கெட் டோன்டு, அதில் லிட்டருக்கு 30 கிராம் கொழுப்பு. டபுள் டோன்டில் 15 தான். ரெண்டிலும் பனீரில் வந்து சேர்ற புரதம் 25 கிராம் கிட்ட. பால் பொங்கினதும் அடுப்பை அணைச்சு ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு, ரெண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறில் அதே அளவு தண்ணி கலந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. பச்சை நிறத் தண்ணி பிரிஞ்சதும் நிறுத்திடணும். திரிஞ்ச பிறகும் கொதிக்கவிட்டா ரப்பர் மாதிரி ஆயிடும், கொழுப்பு கம்மியான பாலில் இது சீக்கிரம் நடக்கும். துணியில் கட்டி 20 நிமிஷம் பாரம் வச்சா போதும். வதக்கறதுக்கு முன்னால வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில் 10 நிமிஷம் போட்டு வச்சா மெத்துன்னு இருக்கும்.

தயிரையும் அப்படியே. அரைக் கிலோ தயிரைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் அஞ்சு ஆறு மணி நேரம் தொங்கவிட்டா 200 கிராம் கெட்டித் தயிர் நிக்கும், அதில் 15 கிராம் புரதம். பாலின் சர்க்கரை பாதிக்கு மேல வடியற தண்ணியோட போயிடும். அந்தத் தண்ணியை ரசத்துக்கு ஊத்திக்கலாம், கொட்டாதீங்க.

முட்டை வேண்டாங்கற நாளில் பாசிப்பயறு தோசை. 60 கிராம் முழுப் பயறு ராத்திரி ஊறவச்சு, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் போட்டு அரைச்சா மூணு தோசை வரும். புரதம் 13, கார்ப் 28. முறுகலுக்குன்னு ஒரு பிடி அரிசி போடற பழக்கம் நிறைய வீட்டில் உண்டு, அதைப் போட்டா கார்ப் 20 கிராம் ஏறிடும். அரிசி இல்லாம ஒட்டுதுன்னா மாவு தண்ணியா இருக்கு, இல்லே கல் அதிகமா காய்ஞ்சிருக்கு. கல்லில் தண்ணி தெளிச்சு, துடைச்சு, அப்புறம் ஊத்துங்க. மாவைப் புளிக்க வைக்க வேண்டாம். மேலே 50 கிராம் பனீரைத் துருவிப் போட்டா அந்த வேளைக்கு 22 கிராம் ஆச்சு.

காயில் சௌசௌ, கோஸ், காலிஃப்ளவர், பீன்ஸ், புடலை, கீரை எவ்வளவு வேணாலும். நம்ம ஊர்ப்பக்கம் சௌசௌவை பெங்களூர் கத்தரிக்காய்னே சொல்லுவோம், இங்கே வருஷம் பூரா மலிவாக் கிடைக்குது. டிசம்பர், ஜனவரியில் மார்க்கெட் முழுக்க அவரைக்கொட்டை குவிஞ்சிருக்கும். அதைக் காய் கணக்கில் போடாதீங்க, அது பயறு. அந்த வேளையில் பருப்பைக் குறைச்சுக்கணும்.

வெளியே தர்ஷினியில் (நின்னுக்கிட்டே சாப்பிடற சின்ன ஓட்டல்) சாப்பிட நேர்ந்தா ஒரு இட்லி, ஒரு வடை, சட்னி. இங்கே சாம்பாரில் வெல்லம் போடுவாங்க, ரெண்டாவது தரம் வாங்காதீங்க. கோசம்பரி கிடைச்சா ரெண்டு கிண்ணம் வாங்கிக்கோங்க, ஊறின பாசிப்பருப்பும் வெள்ளரியும்தான், வெளியில் கிடைக்கிற நல்ல பண்டங்களில் அது ஒண்ணு. அக்கி ரொட்டி முழுக்க அரிசி மாவு. கீட்டோ ஆட்டா, டயபடிக் அரிசின்னு விக்கிறதை எல்லாம் பின்பக்கம் திருப்பி 100 கிராமுக்கு எவ்வளவு கார்ப்னு படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. பாதிக்குப் பாதி சாதா கோதுமைக்குப் பக்கத்திலேயே நிக்கும்.

கோடிஹள்ளி வாசகி

ரொம்ப உபயோகமா இருக்கு. இதையே அம்மாவுக்கு ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிறேன். வயசு 67, எடை 58, சுத்த சைவம். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் வோக்லிபோஸும் சேர்ந்த மாத்திரை, பிரஷருக்கு டெல்மிசார்டன். எச்பிஏ1சி 8.1, இ-ஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுங்கற அளவு) 52. அவங்க மதியமும் ராத்திரியும் சாதம்தான். நாளையிலிருந்து சாதத்தைப் பாதியாக்கி சோயா, பனீர் கொடுத்தா சரியா இருக்குமா?

மருந்துச்சீட்டு

அம்மாவுக்கு நாளையிலிருந்து வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். மேலே சொன்ன திட்டம் மாத்திரை இல்லாத, கிட்னி சரியாக உள்ள 44 வயதுக்காரருக்கானது. அம்மாவுக்கு மூன்று இடத்தில் கணக்கே மாறுகிறது.

கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே கொண்டுவரும். நீங்கள் எவ்வளவு சாதம் போட்டீர்கள் என்று அதற்குத் தெரியாது. சாதம் பாதியாகி மாத்திரை அதே அளவில் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கிட்னி வேலை குறைந்தவர்களுக்கு அந்த மருந்தின் விளைவு உடம்பில் அதிக நேரம் நிற்கும், விடியற்காலையில்கூட இறங்கும். வயதானவர்களுக்கு வியர்வை, நடுக்கம் இல்லாமல் வெறும் குழப்பம், தூக்கக் கலக்கம், தடுமாற்றம் என்று மட்டுமே தெரியலாம். வயசு காரணம் என்று விட்டுவிடுவார்கள். கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மருந்தைக் குறைப்பது முதலில், சாதத்தைக் குறைப்பது அடுத்து. இரண்டையும் டாக்டர் அதே நாளில் சொல்லிவிடுவார், கேட்டால் போதும்.

இறங்கிவிட்டால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அம்மா மாத்திரையில் வோக்லிபோஸ் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: சாதாரணச் சர்க்கரையோ, வாழைப்பழமோ, பிஸ்கட்டோ அவர்களுக்கு வேகமாக வேலை செய்யாது. அந்த மருந்து சர்க்கரையைக் குடலில் உடைய விடாமல் தாமதப்படுத்துகிறது. உடைக்கத் தேவையே இல்லாத குளுக்கோஸ்தான் வேண்டும். வீட்டிலும் கைப்பையிலும் ஒரு பாக்கெட் இருக்கட்டும். மயங்கிய நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

புரதம். இ-ஜிஎஃப்ஆர் 52 மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அது நாள்பட்ட கிட்னி பாதிப்பில் மூன்றாம் நிலை. அங்கே கிலோவுக்கு 0.8 கிராம் போதும், 1.3-ஐத் தாண்டக் கூடாது என்பதே இப்போதைய வழிகாட்டல். 58 கிலோவுக்கு 46 கிராம். சைவச் சாப்பாட்டில் இரண்டு வேளைப் பருப்பு, தயிர், கொஞ்சம் பனீர் என்றாலே அது வந்துவிடும். சோயா, புரதப் பவுடர் எல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை. சிறுநீரில் அல்புமின் அளவும் பொட்டாசியமும் பார்த்துவிட்டு டாக்டரோ டயட்டீஷியனோ சொல்லும் அளவை வையுங்கள்.

மூன்றாவது, உப்பும் பிரஷரும். கார்ப் குறைந்த முதல் வாரத்தில் இன்சுலின் இறங்கும், கிட்னி உப்பையும் தண்ணீரையும் அதிகமாக வெளியேற்றும். மாத்திரை இல்லாதவர்களுக்குத் தலைவலி, கால் பிடிப்பு என்று வரும், உப்புப் போட்ட ரசம், மோர் குடித்தால் சரியாகும். அந்த அறிவுரை அம்மாவுக்குப் பொருந்தாது. டெல்மிசார்டன் சாப்பிடுபவருக்கு பிரஷர் இறங்கி எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். காலையில் உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்த்துக் குறித்து வையுங்கள்.

மருந்து மாற்றிய பிறகு, ஒரு வேளை 200 கிராம் சாதம் சாப்பிடுகிறார் என்றால் 130-க்கு இறக்குங்கள். ஒரு வாரம் பொறுத்து அடுத்த வேளை. காலை வெறும் வயிற்றிலும் மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மெட்ஃபார்மின் பல வருடமாக எடுக்கும் சைவர்களுக்கு பி12 குறைவது சகஜம், அதையும் ஒருமுறை பாருங்கள். கால் மதமதப்பை எல்லோரும் சர்க்கரை மீதே போடுகிறார்கள், பாதி நேரம் பி12-ஐப் பார்ப்பதே இல்லை.

பொதுவாக இன்னொன்று. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கீட்டோ அளவுக்குக் கார்ப் குறைக்கவே கூடாது. சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகும் ஆபத்து இருக்கிறது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

கோடிஹள்ளி வாசகி

நல்லவேளை கேட்டேன். வோக்லிபோஸ் விஷயம் யாரும் சொன்னதே இல்லை, வீட்டில் சர்க்கரைதான் வச்சிருந்தோம். செவ்வாய்க்கிழமைக்கு டாக்டர் நேரம் வாங்கிட்டேன், அதுவரைக்கும் சாதத்தில் கை வைக்கலை.

பனசங்கரி44

எல்லாருக்கும் நன்றி. 63%னு பார்த்ததும் ஆடிப்போயிட்டேன். எடை பார்க்கிற மெஷின் வாங்கியாச்சு. ராத்திரிக்கு சோயா, பனீர், மதியம் தனி டப்பாவில் பருப்பு, இது ரெண்டும் நாளையிலிருந்து.

இன்னும் மூணு சந்தேகம். 100 கிராம் சாதத்தை மதியம் சாப்பிடறதா, ராத்திரியா? களி ரொம்பப் பிடிக்கும், முழுசா விடணுமா? அடுத்த டெஸ்ட் எப்போ?

தராசு

மதியமே வையுங்கள். காயும் பருப்பும் முதலில், சாதமும் தயிரும் கடைசியில். அதே அளவு சாதத்துக்கு இந்த வரிசையில் ஏற்றம் குறைவாக வரும். ராத்திரிச் சாப்பாடு 8 மணிக்குள் முடியட்டும். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் சில வாரம் இறங்காமல் நிற்கலாம், விடியற்காலையில் கல்லீரல் தானே சர்க்கரையை விடுவதால் வருவது அது. பகல் எண்கள் இறங்கியிருந்தால் கவலை வேண்டாம்.

புரதத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பிரியுங்கள். அடுப்படி அக்கா சொன்ன நாளில் காலை 20, மதியம் 21, ராத்திரி 36 என்று வருகிறது. ராத்திரிப் பனீரில் 40 கிராமைத் துருவி காலை ஆம்லெட்டுக்குள் போட்டால் மூன்று வேளையும் 21-லிருந்து 30-க்குள் நிற்கும். தசை அதைப் பயன்படுத்திக்கொள்வதும் சுலபம், 11 மணிப் பசியும் போகும்.

களியை விட வேண்டாம், சாதத்துக்குப் பதிலாக வையுங்கள். 40 கிராம் மாவில் கிண்டிய சின்ன உருண்டையும் 100 கிராம் வடித்த சாதமும் கார்ப்பில் சமம், 27 அல்லது 28. உங்கள் உடம்பு எதற்கு எப்படி ஏறுகிறது என்பதை மீட்டரிலேயே பார்த்துவிடலாம். ஒரு நாள் சாதம், ஒரு நாள் களி, மற்றதெல்லாம் அச்சு அசலாக அதே அளவு. முதல் வாய்க்கு முன்னால் ஒருமுறை, முதல் வாயிலிருந்து 1 மணி நேரத்தில் ஒருமுறை, 2 மணி நேரத்தில் ஒருமுறை. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலே 30, 40 கூடக் காட்டும். 2 மணி நேர எண் 140-க்குக் கீழே இருந்தால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. இதை இரண்டு முறை திருப்பிச் செய்த பிறகு முடிவெடுங்கள்.

எச்பிஏ1சி மூன்று மாதத்துக்கு முன் பார்த்துப் பயனில்லை, சிவப்பணு 120 நாள் வாழ்கிறது, பழைய சர்க்கரையும் சேர்ந்தே தெரியும். கொழுப்பு டெஸ்டையும் அப்போதே எடுங்கள். எடை வேகமாக இறங்கும் வாரங்களில் எடுத்தால் எல்டிஎல் தற்காலிகமாக ஏறிக் காட்டி வீணாகப் பயமுறுத்தும். மூன்று மாதத்திலும் எல்டிஎல் ஏறியே இருந்தால் பனீர், தேங்காய், நெய் மூன்றையும் பாதியாக்கி, அந்த இடத்தை வேர்க்கடலைக்கும் நல்லெண்ணெய்க்கும் கொடுத்துவிட்டு மறுபடி 8 வாரத்தில் பாருங்கள். யூரிக் அமிலத்தையும் அதோடு சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், முதல் மாதங்களில் அது கொஞ்சம் ஏறலாம்.

அல்சூர் அடுப்படி

ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி. ஓட்ஸும் களியும் போனதும் நார்ச்சத்து சடார்னு இறங்கி மலச்சிக்கல் வரும். தினம் 400 கிராம் காய் தவறக் கூடாது, ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் தண்ணி. பத்தலைன்னா ராத்திரி ரெண்டு டீஸ்பூன் இசப்கோல் ஒரு முழு டம்ளர் தண்ணியில் கலந்து உடனே குடிச்சுடுங்க. கொஞ்சத் தண்ணியில் குடிச்சா அது உள்ளே போய் இன்னும் இறுகும்.

சனிக்கிழமைக்கும் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வைங்க. வெள்ளி ராத்திரியே பாசிப்பயறு ஊறப் போட்டுட்டா, காலையில் பசியோட தர்ஷினி வாசலில் போய் நிக்க வேண்டியிருக்காது.